கிரீட் மலை மூலிகைகள்: டிக்டமோ, மலோதிரா, அப்புறம் அந்த ஆடுகள்

#1 பச்சிலைப்பித்தன்

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு கிரீட் தீவில் வேலை. ஓய்வு பெற்ற பிறகு எனக்கும் வருடத்தில் பாதி இங்கே ஹனியா நகரில்தான் கழிகிறது. தாவரவியல் வாத்தியாராக இருந்தவனுக்கு இந்தத் தீவு நல்ல தீனி. பார்த்ததையும் படித்ததையும் இங்கே எழுதி வைக்கலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். கேள்வி கேளுங்கள், சண்டையும் போடுங்கள்.

கிரீட், கிரேக்க நாட்டின் தென்கோடி. கிழக்கு மேற்காகச் சுமார் 260 கி.மீ. நீளம், அகலம் 60 கி.மீ.யைத் தாண்டாது. இந்த ஒல்லித் தீவின் முதுகில் மூன்று பெரிய மலைத்தொகுதிகள். மேற்கே லெஃப்கா ஓரி என்கிற வெள்ளை மலைகள், நடுவில் ப்சிலோரிட்டிஸ், கிழக்கே டிக்டி. ப்சிலோரிட்டிஸ் உச்சி 2,456 மீட்டர். வெள்ளை மலைகளின் பாக்னெஸ் உச்சி 2,453 மீட்டர். மேற்குப் பக்கத்துக்காரர்கள் உச்சியில் கல்லைக் குவித்து அந்த மூன்று மீட்டரைச் சரிக்கட்டப் பார்க்கிறார்கள் என்று ஊருக்குள் ஒரு கேலி உண்டு.

தீவில் சுமார் 1,800 வகைச் செடிகொடிகள். அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்று உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதது. காரணம் பழசு. ஏறக்குறைய 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஜிப்ரால்டர் பக்கம் வாசல் அடைபட்டு மத்தியதரைக் கடல் பெரும்பகுதி வற்றிப் போனது. 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தண்ணீர் திரும்ப வந்து நிறைந்தது. அன்று தனித்துப் போன செடிகள் தங்கள் வழியில் மாறிக்கொண்டே வந்தன. தீவுக்குள்ளேயும் ஒவ்வொரு மலையுச்சியும் இன்னொரு தீவு மாதிரிதான். நடுவில் இருக்கிற சூடான பள்ளத்தாக்கை உச்சிச் செடி தாண்டி வர முடியாது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. இங்கே அரிய செடிகள் நிறைய இருக்கும் இடம் காடு இல்லை, செங்குத்துப் பாறை. சுண்ணாம்புக்கல் மலையை மழைநீர் அறுத்து அறுத்து நூற்றுக்கணக்கில் குறுகிய பள்ளங்களை உண்டாக்கியிருக்கிறது. அந்தச் சுவர்களின் வெடிப்பில் வேர் விட்ட செடிக்கு ஆட்டின் வாய் எட்டாது. எட்டியது மனிதனின் கைதான், அதுவும் மருந்துக்காக. கிரீட் மூலிகைகளின் கதையை எனக்கு ஒரே வரியில் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்: ஆட்டிடம் தப்பிய செடி பெயரெடுத்து மாட்டிக்கொண்டது.

உதாரணம் டிக்டமோ. அறிவியல் பெயர் ஒரிகானம் டிக்டாம்னஸ். நம் துளசிக் குடும்பம். நாளை விரிவாக எழுதுகிறேன்.

#2 சுக்குக்காப்பி

சார், நல்ல நேரத்தில் ஆரம்பித்தீர்கள். எங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் "கிரேக்க மலைத் தேநீர்" என்று ஒன்று சுற்றுகிறது. குடித்தால் மறதி நோயே வராதாம், அந்த மலையில் எல்லோரும் நூறு வயது வாழ்கிறார்களாம். விலையைக் கேட்டால் நமக்குத்தான் மறதி வரும் போலிருக்கிறது. அம்மாவுக்கு வாங்கலாமா என்று தம்பி கேட்கிறான். நீங்கள் சொல்லும் டிக்டமோதான் அதுவா?

#3 பச்சிலைப்பித்தன்

இல்லை அம்மா, அது வேறு செடி. மலைத் தேநீர் என்று விற்பது சிடெரிடிஸ் இனம். மத்தியதரைப் பகுதியில் இந்த இனத்தில் சுமார் 150 வகை உண்டு. துருக்கிக்காரர்கள் குடிப்பார்கள், பல்கேரியாவின் ரொடோப்பி மலையில் ஒரு வகை, கிரேக்க நாட்டிலேயே ஒலிம்பஸ் பக்கம் ஒன்று, தைகெட்டோஸ் பக்கம் ஒன்று. கிரீட்டில் இருப்பது சிடெரிடிஸ் சிரியாக்கா. ஊர்ப்பெயர் மலோதிரா.

மலோதிரா உயரத்துச் செடி. வெள்ளை மலைகளிலும் ப்சிலோரிட்டிஸிலும் பெரும்பாலும் 1,000 மீட்டருக்கு மேல், கல்லும் சல்லியுமான சரிவில் நிற்கும். உடம்பு முழுக்க வெள்ளைக் கம்பளி மாதிரி ரோமம். கோடை வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் காக்கிற போர்வை அது. பூ மஞ்சள், கதிர் கதிராக வரும். ஜூன், ஜூலையில் பூத்திருக்கும்போது தண்டோடு அறுத்து நிழலில் காய வைப்பார்கள். இங்கே அதை வெந்நீரில் முக்கி எடுப்பதில்லை. தண்டை இரண்டாக ஒடித்துப் பாத்திரத்தில் போட்டு, சில நிமிடம் கொதிக்க விட்டு, தேன் சேர்த்துக் குடிப்பார்கள். மணம் மென்மையாக இருக்கும், கசப்பு கிடையாது. குளிர்காலத்தில் யாராவது இருமினால் பக்கத்து வீட்டம்மா முதலில் எடுப்பது இதைத்தான். அடுத்தது ராக்கி என்கிற உள்ளூர்ச் சாராயத்தில் தேனைச் சூடாக்கிக் கொடுப்பது. எது இருமலை நிறுத்துகிறது என்று கேட்டால் ஆண்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்.

மறதி நோய் விஷயத்தில், சிடெரிடிஸ் சாற்றை வைத்து ஜெர்மனியில் ஆய்வகத்தில் வேலை நடந்திருக்கிறது. அல்சைமர் மாதிரியான பாதிப்பு வரும்படி வளர்த்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், நல்ல பலன் தெரிந்தது. எலிக்குத் தெரிந்ததை வைத்து அம்மாவுக்கு மருந்து என்று விற்பது வியாபாரம். இருமலுக்கு, லேசான வயிற்று மந்தத்துக்கு என்றால் தாராளமாகக் குடிக்கட்டும்.

#4 யாழ்நிலா

ஐயா வணக்கம். நான் ஜெர்மனியில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறேன். நீங்கள் எழுதினதோடு இதையும் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்.

ஐரோப்பிய மருந்து முகமை மூலிகைகளுக்கென்று தனியாக அறிக்கைகள் வெளியிடுகிறது. சிடெரிடிஸுக்கும் இருக்கிறது, டிக்டமோவுக்கும் இருக்கிறது. மலைத் தேத்தண்ணிக்கு அவர்கள் ஒத்துக்கொண்டது இரண்டே விஷயம்: தடிமன், அதாவது சளியோடு வருகிற இருமல், லேசான வயிற்றுக் கோளாறு. டிக்டமோவுக்கு அந்த இரண்டோடு தோலில் வருகிற சிறு அழற்சியும் கன்றிப்போன இடமும். அவ்வளவுதான்.

அதையும் ஆக்கள் பிழையாக விளங்கிக்கொள்ளுகிறார்கள். "பாரம்பரியப் பயன்பாடு" என்ற வகையில் ஒரு மூலிகையைச் சேர்ப்பதற்கு, அது வேலை செய்கிறது என்று மருத்துவமனைப் பரிசோதனையில் நிரூபிக்கத் தேவையில்லை. குறைந்தது 30 வருடம் மருந்தாகப் பாவனையில் இருந்திருக்க வேணும், அதில் 15 வருடம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள். இவ்வளவு காலம் பாவித்தும் பெரிய தீங்கு தெரியவில்லை, பலன் இருக்கும் என்று நம்ப இடமிருக்கிறது, அதனால் அனுமதி. "ஐரோப்பா அங்கீகரித்தது" என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் இந்தப் பகுதியை வடிவாக மறைத்துவிடுவார்கள்.

#5 சுக்குக்காப்பி

அக்கா, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டேன். மொத்தக் குழுவும் கப்சிப்.

#6 குறுக்குக்கேள்வி

சார், டிக்டமோ பற்றி கூகுளில் தேடினால் முதலில் வருவதே ஆட்டுக்கதைதான். அம்பு பட்ட காட்டாடு இந்த இலையைத் தின்றால் அம்பு தானாக உடம்பிலிருந்து வெளியே விழுந்துவிடும் என்று அரிஸ்டாட்டில் எழுதினாராம். இதை எழுதியவரையும் அறிவியலின் தந்தை என்கிறோம். இப்படிப்பட்ட கதையில் தொடங்கும் "பாரம்பரிய அறிவை" எவ்வளவு தூரம் நம்புவது? கோபித்துக்கொள்ள வேண்டாம், நிஜமாகவே கேட்கிறேன்.

#7 பச்சிலைப்பித்தன்

கோபம் எதற்குத் தம்பி, நல்ல கேள்வி.

அரிஸ்டாட்டில் விலங்குகளைப் பற்றிய நூலில் கிரீட்டின் காட்டாடுகள் அப்படிச் செய்வதாகச் சொல்லப்படுகிறது என்று எழுதியிருக்கிறார். நேரில் பார்த்ததாகச் சொல்லவில்லை. அவருடைய மாணவர் தியோஃப்ராஸ்டஸ் செடிகளைப் பற்றி எழுதும்போது அதே ஆட்டுக்கதையைச் சேர்த்துக்கொள்கிறார். கூடவே அவர் எழுதியிருக்கும் மற்ற விஷயங்களைப் பாருங்கள். டிக்டமோ கிரீட்டில் மட்டும்தான் வளரும். அங்கேயும் அரிது, வளரும் இடம் சின்னது, ஆடுகள் விரும்பி மேய்ந்துவிடுகின்றன. பயன்படுத்துவது இலையைத்தான். பிரசவ வலி நீளும் பெண்களுக்குக் கொடுக்கிறார்கள். பார்க்க இதே மாதிரி போலி டிக்டமோ ஒன்று உண்டு, அதற்கு வீரியம் கம்மி. மணம் போகாமலிருக்க நாணல் தண்டுக்குள் அடைத்து வைப்பார்கள்.

ஆட்டுக்கதையை எடுத்துவிட்டால் மிச்சம் எல்லாமே ஒரு மருந்துக் கடைக்காரன் கேட்கிற கேள்விக்குப் பதில்கள்: எங்கே கிடைக்கும், எந்தப் பாகம், கலப்படம் எப்படி இருக்கும், எப்படிச் சேமிப்பது. இது எழுதி 2,300 வருடம் ஆகிறது. செடி அரிதாகிறது, ஆடுதான் காரணம் என்று அன்றைக்கே ஒருவர் குறித்து வைத்திருக்கிறார். எனக்கு அந்த வரி ஒன்றே போதும்.

இன்னொன்று. பிரசவத்துக்குக் கொடுத்தார்கள் என்பதைக் கதையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கருப்பையைத் தூண்டும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள். அதனால் கர்ப்பிணிகள் இதைத் தொடாமலிருப்பதே நல்லது. பாரம்பரிய அறிவை நம்புவதென்றால் அதிலிருக்கும் எச்சரிக்கையையும் சேர்த்து நம்ப வேண்டும். விற்கிறவர்கள் பலனை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறார்கள்.

செடியைச் சொல்லவேயில்லையே. ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரம். பாறை வெடிப்பிலிருந்து வெளியே வந்து தொங்கும். இலை உருண்டை, ஒரு ரூபாய் நாணயம் அளவு, இரண்டு பக்கமும் தடித்த வெள்ளைப் பஞ்சு. பூக்காம்பு கீழ்நோக்கி வளைந்திருக்கும், அதில் ஊதா நிறச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்க, நடுவிலிருந்து இளஞ்சிவப்புப் பூ எட்டிப் பார்க்கும். இலையைக் கசக்கினால் வரும் வாடை உங்களுக்குப் பழக்கமானதுதான். வீட்டு வாசலில் தொட்டியில் இருக்கும் கற்பூரவள்ளியின் வாடைக்கு நெருங்கிய சொந்தம். இரண்டிலும் கார்வக்ரால் என்ற எண்ணெய்ச்சத்து இருக்கிறது. கிருமியை ஓரளவு கட்டுப்படுத்தும், சளிக்கு இதமாக இருக்கும். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பாட்டிமார் இருமலுக்கு இந்த வாடையைத் தேடியது தற்செயல் இல்லை.

#8 கடலோடி

கப்பலில் இருந்த காலத்தில் சூடா விரிகுடாவுக்கு வந்திருக்கிறேன் சார். டிக்டமோ பறிக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்து செத்தவர்கள் உண்டு என்று துறைமுகத்துக் கடைக்காரர் ஒருவர் சொன்னார். சும்மா சுற்றுலாப் பயணிக்குச் சொல்கிற கதையா?

#9 பச்சிலைப்பித்தன்

கதை இல்லை. பறிப்பவர்கள் கயிற்றில் தொங்கித்தான் பறித்தார்கள், கயிறு இல்லாமலும் ஏறினார்கள். இந்தச் செடிக்கு ஊரில் காதலோடு சேர்ந்த இன்னொரு பெயர் இருக்கிறது. காதலிக்காகப் பறிக்கப் போகிறவன் என்று அதற்கு அழகாக விளக்கம் சொல்வார்கள். உண்மையில் பெரும்பாலும் காசுக்காகத்தான் போனார்கள். வெர்மூத் போன்ற மதுவகைகளில் வாசனைக்கு இதைச் சேர்த்தார்கள், ஏற்றுமதிக்கு நல்ல விலை கிடைத்தது.

மூலிகை ஏற்றுமதி இங்கே மிகப் பழைய தொழில். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் காலன் என்ற மருத்துவர், ரோமப் பேரரசரின் சம்பளத்தில் கிரீட்டில் மூலிகை பறிப்போர் இருந்ததையும், அவர்கள் பின்னல் கூடைகளில் செடிகளை நிரப்பி ரோமுக்கு அனுப்பியதையும் எழுதியிருக்கிறார்.

டிக்டமோவைக் காப்பாற்றியது சட்டத்தைவிட வயல்தான் என்பது என் அபிப்பிராயம். டிக்டி மலையடிவாரத்தில் எம்பாரோஸ் என்ற கிராமம். போன நூற்றாண்டில் அங்கும் சுற்று வட்டாரத்திலும் இதைப் பயிராகப் போட ஆரம்பித்தார்கள். தண்டு வெட்டி நட்டால் வேர் பிடிக்கும், சுண்ணாம்பு மண் போதும், கோடையில் அதிகம் தண்ணீர் கேட்காது. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் டிக்டமோ பெரும்பாலும் வயலில் விளைந்தது. பாறையில் தொங்கி உயிரை விட வேண்டிய அவசியம் போய்விட்டது. "காட்டில் பறித்தது" என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் வாங்காதீர்கள். பொய்யாக இருந்தால் காசு நஷ்டம், உண்மையாக இருந்தால் செடிக்கு நஷ்டம்.

#10 மேய்ச்சல்காட்டான்

இழையை முதலிலிருந்து படித்தேன். ஐயா எழுதுவது அருமை. ஆனால் எல்லாப் பழியையும் ஆட்டின் தலையில் போடுவது எனக்கு ஒப்பவில்லை. நாங்கள் ஆடு மேய்த்த குடும்பம், அதனால் ரோஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தீவில் மனிதனும் ஆடும் பல ஆயிரம் வருடமாகச் சேர்ந்து இருக்கிறார்கள். ஆடு தின்றே அழிக்கும் என்றால் அந்தச் செடிகள் எல்லாம் எப்போதோ போயிருக்க வேண்டாமா? மலையில் எந்தப் பள்ளத்தில் எந்தச் செடி எந்த மாதம் பூக்கும் என்று ஆய்வாளருக்கு யார் சொன்னது? மேய்ப்பன் சொல்லியிருப்பான். மேய்ப்பனை மலையிலிருந்து இறக்கிவிட்டு செடியைக் காப்பாற்றினோம் என்று எழுதுகிற கதை நம் நாட்டிலும் பார்த்ததுதானே.

#11 பச்சிலைப்பித்தன்

உங்கள் ரோஷம் நியாயமானது. பாதி ஒத்துக்கொள்கிறேன், பாதி சண்டை.

ஒத்துக்கொள்வது: வெள்ளை மலைகளில் இருக்கும் ஸமரியா பள்ளத்தாக்கு. 1962இல் அதைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். உள்ளே இருந்த ஸமரியா கிராமத்து மக்களை வெளியேற்றினார்கள். இன்றைக்கு அந்தக் கல்வீடுகளின் ஓரமாகச் சுற்றுலாப் பயணிகள் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுகிறார்கள். அந்த வீடுகளில் இருந்தவர்களுக்கு எந்த இலை எதற்கு என்று தெரிந்திருந்தது. அவர்கள் போனபோது அதையும் யாரும் எழுதி வைக்காமல் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். செடிக்குப் பூங்கா கிடைத்தது, செடியைத் தெரிந்தவனுக்கு வெளியே இடம் கிடைத்தது.

சண்டை: அன்றைய மந்தையும் இன்றைய மந்தையும் ஒன்றில்லை. முன்பு பனிக்காலத்தில் ஆட்டைக் கீழே ஓட்டி வந்து, கோடையில் மேலே கொண்டு போவார்கள். மலைக்கு மூச்சு விட நேரம் இருந்தது. கிரேக்கம் ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர்ந்த பிறகு தலைக்கு இவ்வளவு என்று மானியம் வந்தது. மந்தை பெருத்தது. மலைக்கு மேலே ரோடு போட்டார்கள். பிக்கப் வண்டியில் தீவனமும் தண்ணீரும் மேலேயே போய்விடுகிறது. மேய்ச்சல் தீர்ந்தாலும் ஆடு இறங்க வேண்டியதில்லை. ப்சிலோரிட்டிஸ் சரிவுகளில் போய்ப் பாருங்கள், முள்ளும் கசப்பும்தான் மிச்சம்.

உங்களுக்குப் பிடிக்கும் ஒரு மரத்தைச் சொல்கிறேன். ஸெல்கோவா அபெலிசியா, ஊரில் அம்பெலிட்சியா என்பார்கள். உலகிலேயே கிரீட் மலைகளில் மட்டும் உள்ள மரம். கட்டை கெட்டி, வளைந்து கொடுக்கும். கிரீட் மேய்ப்பனின் வளைந்த கைத்தடி, கட்சூனா, இந்த மரத்தில்தான் செய்வார்கள். ஒமாலோஸ் சமவெளிக்கு மேலே இதைப் பார்த்தேன். இடுப்பு உயரத்தில், தலைமுடி வெட்டின மாதிரி உருண்டையாக ஒரு புதர். ஆடு கடித்துக் கடித்து அதை மேலே போகவே விடுவதில்லை. சில அடி தூரத்தில் இருந்த இன்னொரு மரம் எப்படியோ ஆட்டின் வாய்க்கு மேலே தப்பிப் போயிருந்தது, நிமிர்ந்து நின்றது. கைத்தடிக்கு மரம் வேண்டும் என்றால் மேய்ப்பனே மந்தையைக் குறைத்தாக வேண்டும்.

#12 மேய்ச்சல்காட்டான்

மானியம் என்று சொன்னீர்கள் பாருங்கள், அதை ஒத்துக்கொள்கிறேன். அப்போது குற்றவாளி ஆடு இல்லை, தலையை எண்ணிக் காசு கொடுத்த அதிகாரி.

#13 குறுக்குக்கேள்வி

ரெண்டு பேரும் சேர்ந்து அதிகாரியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். வழக்கம்போல.

#14 கடலோடி

ஆட்டை வைத்து நல்லதும் நடந்திருக்கிறதே சார். ஆட்டின் தாடியிலிருந்து வாசனைப் பிசின் எடுப்பார்கள் என்று படித்திருக்கிறேன். அது கிரீட்டா, அரேபியாவா?

#15 பச்சிலைப்பித்தன்

ஆட்டின் தாடியில் ஒட்டும் பிசினைப் பற்றிப் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியது அரேபியாவை வைத்து. அதே லாதனோ பிசின் கிரீட்டிலும் உண்டு. செடியின் பெயர் சிஸ்டஸ் கிரெட்டிகஸ். கசங்கிய காகிதம் மாதிரி இளஞ்சிவப்புப் பூ, இலையில் பிசுபிசுப்பு. ரெதிம்னோ மாவட்டத்தின் வடகரையில் சீசெஸ் என்ற கிராமத்தில் இன்றும் பழைய முறையில் எடுக்கிறார்கள்.

கோடையின் உச்சத்தில், காற்றில்லாத நாளில், நல்ல மத்தியான வெயிலில் போக வேண்டும். அப்போதுதான் பிசின் இளகி இலைமேல் நிற்கும். கையில் நீளமான பிடி வைத்த ஒரு கருவி. பெரிய பரம்பு மாதிரி இருக்கும், பல்லுக்குப் பதில் வரிசையாகத் தோல் வார்கள் தொங்கும், இப்போது பிளாஸ்டிக் வாரும் உண்டு. அதைப் புதரின் மேல் வீசி வீசி இழுப்பார்கள். இலை கிழியாது, பிசின் மட்டும் வாரில் ஏறிக்கொள்ளும். நாள் முழுக்க வீசினால் வார் கறுத்துத் தார் பூசின மாதிரி ஆகிவிடும். பிறகு கத்தியால் வழித்து உருண்டை பிடிப்பார்கள். தோள் இற்றுப் போகும் வேலை.

வாசனைத் தொழிலுக்கும் தூபத்துக்கும் போகிறது. பழைய மருத்துவத்தில் காயத்துக்குப் பூசினார்கள், முடி கொட்டுவதற்கும் கிரேக்க மருத்துவர் டையாஸ்கோரிடிஸ் இதைச் சொல்கிறார். ஆட்டின் தாடியிலும் தொடையிலும் ஒட்டுவதைச் சீவி எடுப்பதும், கயிற்றால் புதரை இழுத்து எடுப்பதும் இரண்டுமே அவர் எழுத்தில் இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டு.

இந்தத் தொழில் செடியைக் கொல்லாது என்பதைக் கவனியுங்கள். இலையும் வேரும் அப்படியே இருக்கும், அடுத்த வருடம் அதே புதர். மலோதிராவில் நடப்பது நேர்மாறு. பழைய ஆட்கள் அரிவாளால் பூந்தண்டை மட்டும் அறுப்பார்கள், சிலதை விதைக்கு விட்டுவிடுவார்கள். அவசரக்காரர்கள் கையால் பிடுங்குகிறார்கள். தண்டு கெட்டி, மண் சல்லி, வேரோடு வந்துவிடும். ஒரு செடி போனால் அந்தச் சரிவில் இன்னொன்று பிடிக்கப் பல வருடம் ஆகும். பாரம்பரியம் என்றால் இந்த இலை இந்த நோய்க்கு என்ற பட்டியல் என்று நினைக்கிறோம். எப்படி அறுப்பது, எவ்வளவு விடுவது என்பதும் அதில் பாதி. பட்டியல் மட்டும் இன்டர்நெட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

#16 யாழ்நிலா

ஐயா, கிரீட் மட்டும் கதைத்துக்கொண்டிருக்கிறோம். கிரேக்கத்தின் வடமேற்கில் எப்பிரஸ் மலைப்பகுதியில் ஸகோரி என்ற இடம் இருக்கிறதே. அங்கே விகோஸ் பள்ளத்தாக்கின் மூலிகைகளை வைத்து வைத்தியம் செய்த "விகோஸ் வைத்தியர்கள்" ஒட்டோமான் காலத்தில் பால்கன் முழுக்கப் பேர் போனவர்கள். ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். அதுவும் சுண்ணாம்புக்கல் பள்ளத்தாக்கு, அதுவும் 1973இலிருந்து தேசியப் பூங்கா. வைத்தியர் பரம்பரை இல்லாமல் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது.

மருந்தகத்து ஆளாக இன்னொரு விஷயமும் சொல்லவேணும். கிரேக்கத்தில் வீட்டுக்கு வீடு ஒரு சிவப்பு எண்ணெய் இருக்கும். ஹைப்பெரிக்கம் என்ற மூலிகைச் செடியின் பூவை ஒலிவ் எண்ணெயில் போட்டு, கண்ணாடிப் போத்தலில் 40 நாள் போல வெயிலில் வைப்பார்கள், எண்ணெய் இரத்தச் சிவப்பாக வரும். சிராய்ப்புக்கும் சின்னச் சுட்ட புண்ணுக்கும் மேலே பூசுவது பிரச்சினை இல்லை. பூசின இடத்தை வெயிலில் காட்டாமல் இருந்தால் நல்லது. ஆனால் அதே ஹைப்பெரிக்கத்தை மாத்திரையாகவோ தேத்தண்ணியாகவோ உள்ளுக்கு எடுத்தால், கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமல் எடுக்கிற வாஃபரின், உறுப்பு மாற்றியவர்கள் எடுக்கிற சைக்ளோஸ்போரின் எல்லாவற்றின் பலனையும் குறைத்துவிடும். மனச்சோர்வு மருந்தோடு சேர்த்தால் இன்னும் ஆபத்து. மூலிகைதானே என்று வைத்தியருக்குச் சொல்லாமல் விடுகிற ஆக்களை நான் கிழமைக்குக் கிழமை பார்க்கிறேன்.

#17 நெறியாளர்

யாழ்நிலா அவர்களின் பதிவை மூலிகைப் பகுதியின் மேலே ஒட்டி வைத்திருக்கிறோம். "எனக்கு இந்த நோய், எந்த மூலிகை?" என்று இந்த இழையில் கேட்க வேண்டாம். கேட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன.

#18 சுக்குக்காப்பி

கொடைக்கானலில் எங்களுக்குச் சின்னத் தோட்டம் இருக்கிறது. டிக்டமோ வருமா சார்?

#19 பச்சிலைப்பித்தன்

குளிர் பிரச்சினை இல்லை அம்மா, மழைதான் பிரச்சினை. மத்தியதரைப் பருவத்தில் மழை குளிர்காலத்தில், கோடை பூராவும் வறட்சி. இந்தச் செடிகள் அந்த வறட்சிக்குத் தங்களைத் தகவமைத்தவை. இலையில் பஞ்சும் எண்ணெயும் அதனால்தான். கொடைக்கானல் மழையில் பஞ்சு நனைந்து அழுகிவிடும். தொட்டியில், கூரைக்கு அடியில், பாதிக்குப் பாதி ஜல்லி கலந்து முயலலாம். நல்ல நர்சரியில் வாங்குங்கள், இங்கிருந்து யாரையும் பிடுங்கிக்கொண்டு வரச் சொல்லாதீர்கள். என் யோசனை கேட்டால், கற்பூரவள்ளியே போதும்.

#20 குறுக்குக்கேள்வி

சார், எனக்கு இன்னும் ஒரு சந்தேகம். டிக்டமோவுக்கு விலை இருந்தது, அதனால் வயலுக்கு வந்தது, பிழைத்தது. மலோதிராவுக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். எந்த நோய்க்கும் உதவாத, யாரும் தின்னாத, வாசனையும் இல்லாத செடியின் கதி என்ன? "மூலிகை வளம்" என்று சொல்லிச் சொல்லியே, பயன் இருந்தால்தான் காப்பாற்றுவோம் என்ற எண்ணத்தை நாமே வளர்க்கிறோமோ?

#21 பச்சிலைப்பித்தன்

இழையிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். பதிலுக்கு ஒரு செடி.

புப்ளூரம் கக்கிஸ்காலே. வெள்ளை மலைகளில் ஒரே ஒரு பாறைச்சுவரில் மட்டும் இருக்கிறது. பல வருடம் இலைக்கொத்தாகவே கிடக்கும். பிறகு ஒரு கோடையில் மஞ்சளாகப் பூக்கும், விதை விடும், செத்துப் போகும். பூக்கிற அந்த ஒரு வருடத்தில் ஆடு தண்டைக் கடித்துவிட்டால் அத்தனை வருடக் காத்திருப்பும் வீண். இதற்கு மருத்துவப் பயன் என்று யாரும் எதுவும் சொல்லிக் கேட்டதில்லை. விலை கிடையாது, பாட்டு கிடையாது, அரிஸ்டாட்டிலும் கண்டுகொள்ளவில்லை.

இந்த மாதிரிச் செடிகளுக்காக, ஹனியாவில் இருக்கும் மத்தியதரைக்கடல் வேளாண் நிறுவனமும் மற்றவர்களும் சேர்ந்து 2004இல் ஐரோப்பிய ஒன்றியப் பணத்தில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பெரிய பூங்கா இல்லை, செடி நிற்கிற அந்தத் துண்டு நிலத்தை மட்டும் குறித்துக் காக்கிற நுண்காப்பகங்கள். விதையைச் சேகரித்து விதை வங்கியில் வைத்தார்கள், மேய்ப்பர்களோடும் உட்கார்ந்து பேசினார்கள். மேய்ச்சல்காட்டான் சொன்ன மாதிரி, அந்தப் பக்கம் தினமும் போகிறவனை விட்டுவிட்டுக் காவல் வைக்க முடியாது.

ஆக, பயன் இல்லாத செடிக்கும் ஆள் இருக்கிறார்கள், ஆனால் மிகச் சிலர். திட்டத்துக்குப் பணம் இருக்கும் வரை இருக்கிறார்கள். டிக்டமோவுக்கு அந்தக் கவலை இல்லை என்பது உண்மைதான். உங்கள் சந்தேகத்தை என்னால் முழுதாகத் தீர்க்க முடியவில்லை.

#22 மேய்ச்சல்காட்டான்

பயனுள்ளது, இல்லாதது என்ற கோட்டை எங்கே போடுவது என்பதும் இருக்கிறது ஐயா. அங்கே காட்டுக் கீரை நிறையச் சாப்பிடுவார்களாமே. அது மருந்தா, சாப்பாடா?

#23 பச்சிலைப்பித்தன்

அவர்களைக் கேட்டால் சாப்பாடு. குளிர்கால மழைக்குப் பிறகு பெண்கள் கத்தியும் பையுமாகக் கிளம்பிவிடுவார்கள். ஹோர்த்தா என்று பொதுப்பெயர். வேகவைத்து, வடித்து, ஒலிவ் எண்ணெயும் எலுமிச்சையும். அதில் ராணி ஸ்தம்னகாதி, முள்ளுக்குள்ளே வளரும் ஒரு கசப்புக் கீரை. ஈரலுக்கு நல்லது என்பார்கள், ஆனால் தட்டில் வைக்கும்போது யாரும் மருந்து என்று சொல்வதில்லை. 1950களின் இறுதியில் அமெரிக்க ஆய்வாளர் அன்செல் கீஸ் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில் கிரீட் ஆண்களுக்கு மாரடைப்பு மிகக் குறைவு என்று தெரிந்தபோது, அவர்கள் சாப்பாட்டை உலகமே திரும்பிப் பார்த்தது. எண்ணெயைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். கீரையை ஏற்றுமதி செய்வது கஷ்டம், அதனால் பேச்சில்லை. இப்போது ஸ்தம்னகாதியையும் பயிராகப் போடுகிறார்கள், ஓட்டலில் நல்ல விலை.

#24 கடலோடி

அடுத்த வருடம் குடும்பத்தோடு வரலாம் என்று இருக்கிறேன். செடி பார்க்க எந்த மாதம்?

#25 பச்சிலைப்பித்தன்

கீழே பூ பார்க்க ஏப்ரல். ஒமாலோஸ் சமவெளியில் காட்டு டியூலிப்பும் அப்போதுதான். டிக்டமோவும் மலோதிராவும் பூக்கப் பார்க்க வேண்டுமென்றால் ஜூன் கடைசி, ஜூலை. ஸமரியா பள்ளத்தாக்கை வழக்கமாக மே முதல் அக்டோபர் வரை திறந்து வைப்பார்கள். மழை வந்தாலும் கடும் வெயில் என்றாலும் அன்றைக்கு மூடிவிடுவார்கள், முந்தின நாள் விசாரித்துக்கொள்ளுங்கள். 1,200 மீட்டர் உயரத்தில் தொடங்கிக் கடல்வரை இறக்கம், சுமார் 16 கி.மீ. கீழே அகியா ரூமேலிக்கு ரோடு கிடையாது, மாலைப் படகைத் தவறவிட்டால் அங்கேயே தங்க வேண்டியதுதான். செருப்பில் வராதீர்கள். முட்டிவலி இருந்தால் பாதியில் திரும்பவும் முடியாது, அண்ணியை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வரும் தேதி தெரிந்ததும் தனிமடல் போடுங்கள். நான் ஊரில் இருந்தால் எம்பாரோஸ் வயலுக்குக் கூட்டிப் போகிறேன்.